எண்பதுகளின் பாட்டு யாருடைய சொத்து?

2022 ஜூன் மாதம் பிரிட்டனின் பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாட்டு எது தெரியுமா? கேட் புஷ் 1985-இல் வெளியிட்ட 'ரன்னிங் அப் தட் ஹில்'. வெளிவந்த காலத்தில் அது மூன்றாம் இடம் வரைதான் போனது. 37 ஆண்டுகள் கழித்து 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் ஒலித்ததும், அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் தேடித் தேடிக் கேட்டு அதை உச்சிக்கு ஏற்றினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு உலகம் முழுக்கச் சுற்றிய 'பிளைண்டிங் லைட்ஸ்' புதுப் பாட்டுதான். ஆனால் அதன் சிந்தசைசர் ஒலி அப்படியே எண்பதுகளின் வாடை. பாடியவர் தி வீக்கெண்ட், எத்தியோப்பியாவிலிருந்து கனடாவுக்குக் குடியேறியவர்களின் மகன்.

எண்பதுகளின் பாப்பும் நியூ வேவும் ஏன் இன்னும் ஓடுகின்றன என்று கேட்டால், "எல்லாம் நாஸ்டால்ஜியா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இருபது வயதுக்காரருக்கு 1985-ஐப் பற்றி என்ன பழைய நினைவு இருக்க முடியும்? நாஸ்டால்ஜியா என்பது விற்பவர் ஒட்டும் லேபிள். கேட்பவரை இழுப்பது வேறு ஒன்று.

அது என்ன என்று பேசுவதற்கு முன், இந்த இசையைச் சுற்றிப் போடப்பட்டிருக்கும் இரண்டு வேலிகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் வேலி கல்லூரி விடுதிகளில் இருக்கிறது. டிப்பெச் மோட் தெரியுமா, ஸ்மித்ஸ் தெரியுமா, நியூ ஆர்டர் தெரியுமா என்று கேட்டு, தெரியாது என்றால் ஒரு புன்னகை வருமே, அந்த வேலி. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் புன்னகையின் பொருள் நன்றாகவே தெரியும். இரண்டாவது வேலி நம் பக்கத்திலேயே இருக்கிறது. "இதெல்லாம் வசதியானவன் கேட்கிற வெள்ளைக்காரன் பாட்டு, போராளிக்கு எதற்கு?" என்று சில மூத்த தோழர்கள் போடுவது. இந்த இரண்டு வேலியும் நிற்பது ஒரே பொய்யின் மேல்தான். இந்த இசை மேட்டுக்குடியின் இசை என்பது அந்தப் பொய்.

எரித்தார்கள், பிறகு வாங்கினார்கள்

1979 ஜூலை 12, சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கையோடு கொண்டுவந்தால் 98 சென்டுக்கு உள்ளே போகலாம் என்று அறிவித்தார்கள். டிஸ்கோவை வெறுத்த ஒரு வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாடு அது. ஏறத்தாழ 50,000 பேர் கூடினார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தட்டுகளை மைதானத்தில் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்தது, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை.

டிஸ்கோ யாருடைய இசை? கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும் தன்பாலீர்ப்பாளர்களும் இரவு விடுதிகளில் வளர்த்தெடுத்த ஆட்ட இசை. அன்று அந்த மைதானத்தில் வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பின்னாளில் ஒரு விஷயத்தைச் சொன்னார்: மக்கள் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் நிறைய இருந்தன. எதை வெறுத்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அதே லாரன்ஸ் சில ஆண்டுகளில் சிகாகோவில் 'ஹவுஸ்' இசையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரானார்.

டிஸ்கோவின் தலைசிறந்த குழுக்களில் ஒன்று ஷீக். நைல் ராட்ஜர்ஸ் கிட்டார், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் பேஸ். தட்டுகள் வெடித்த அடுத்த மாதமே அவர்களுடைய 'குட் டைம்ஸ்' அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அதன் பிறகு "டிஸ்கோ செத்துவிட்டது" என்ற கூச்சலில் ஷீக் பெயரில் வந்த தட்டுகள் பழையபடி போகவில்லை. ஆனால் அந்தக் கைகளுக்கு வேலை நிற்கவில்லை. டேவிட் போவியின் அதிகம் விற்ற ஆல்பமான 'லெட்ஸ் டான்ஸ்' (1983) ராட்ஜர்ஸ் தயாரித்தது. மடோனாவை உலகறியச் செய்த 'லைக் எ வர்ஜின்' (1984) ராட்ஜர்ஸ் தயாரித்தது, அதில் வாசித்ததும் ஷீக்கின் ஆட்களே. நியூ வேவின் அழகிய முகமாக விற்கப்பட்ட டுரான் டுரானின் 'தி ரிஃப்ளெக்ஸ்' உச்சிக்குப் போனது ராட்ஜர்ஸ் மறுகலவை செய்த பிறகுதான். குவீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' பேஸ் வரிசை 'குட் டைம்ஸ்' கேட்டுப் பிறந்தது.

மைதானத்தில் எரித்த தாளத்தைத்தான் வேறு முகம் வைத்து மறுபடி காசு கொடுத்து வாங்கினார்கள். இன்று ஏதோ ஒரு திருமண விருந்தில் எண்பதுகளின் பாட்டு ஒன்று ஒலித்து, உட்கார்ந்திருப்பவர் கால் தானாக அசைகிறது என்றால், அசைப்பது பெரும்பாலும் இந்தத் தாளம்தான்.

"எங்களுடையது ராக் சேனல்"

எம்.டி.வி 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. எண்பதுகளின் பாப்பை உலகத்துக்குக் காட்டிய கண்ணாடி அது. முதல் ஒன்றரை ஆண்டு அந்தக் கண்ணாடியில் கறுப்பு முகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1981-இல் பெரும் வெற்றி பெற்ற ரிக் ஜேம்ஸின் 'சூப்பர் ஃப்ரீக்' பாடலை ஒளிபரப்ப மறுத்தார்கள். அவர் வெளிப்படையாகவே அதை இனவெறி என்றார்.

சேனல் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். "நாங்கள் நிறம் பார்ப்பதில்லை. எங்களுடையது ராக் சேனல், அவர்கள் பாடுவது ராக் அல்ல." எங்கோ கேட்டது போல இருக்கிறதா? ஒரு வரையறையை நீங்களே எழுதுகிறீர்கள். அந்த வரையறைக்குள் யார் வர முடியும் என்பதை அதை எழுதும்போதே முடிவுசெய்கிறீர்கள். பிறகு "வரையறைதான் தடுக்கிறது, நாங்கள் இல்லை" என்று கைகளைக் கழுவிக்கொள்கிறீர்கள். "தகுதி" என்ற சொல்லை வாழ்நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாட்டுக்கு விளக்கவுரை தேவையில்லை.

1983 ஜனவரியில் போவி அந்த சேனலின் பேட்டியில் உட்கார்ந்து, கறுப்பினக் கலைஞர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று நேருக்கு நேர் கேட்டார். தொகுப்பாளர் நெளிந்தார். நாட்டின் நடுப்பகுதியிலுள்ள சிற்றூர்க்காரர்கள் மிரண்டுபோவார்களே என்ற பொருளில் ஏதோ சொன்னார். போவி விடாமல் திருப்பித் திருப்பிக் கேட்டார். அந்த மார்ச் மாதம்தான் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' எம்.டி.வியில் ஓடத் தொடங்கியது. ஓடியதும் எந்தச் சிற்றூரும் மிரளவில்லை. சேனல்தான் பணக்காரச் சேனலானது.

போவி யாருடைய கையை வைத்துத் தன் வெற்றியைக் கட்டினார் என்று பார்த்தோம். அந்தக் கடனை அவர் உணர்ந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 'லெட்ஸ் டான்ஸ்' பாடலின் வீடியோவைப் பாருங்கள். ஆட்டப் பாட்டுக்கு அவர் காட்டியது ஓர் ஆஸ்திரேலியத் தொல்குடி இளைஞனையும் பெண்ணையும். நடுத்தெருவில் மண்டியிட்டு அந்தப் பெண் சாலையைத் தேய்த்துக் கழுவுகிறாள், வாகனங்கள் அவளைக் கடந்து போகின்றன. பாட்டுக்கு ஆடியவர்களில் எத்தனை பேர் அந்தக் காட்சியைக் கண்டார்கள்?

கோவென்ட்ரியின் ஏழு பேர்

இந்தக் காலத்திலிருந்து ஒரே ஒரு குழுவைத்தான் கேட்க வேண்டும் என்றால், நான் தி ஸ்பெஷல்ஸைச் சொல்வேன்.

இங்கிலாந்தின் நடுவில் கோவென்ட்ரி, கார் தொழிற்சாலைகளின் ஊர். போருக்குப் பிறகு ஜமைக்காவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் ஆட்கள் வந்து அந்தத் தொழிற்சாலைகளில் உழைத்தார்கள். எழுபதுகளின் கடைசியில் ஆலைகள் ஒவ்வொன்றாக ஆள்குறைத்தன. பிரிட்டனில் வேலையில்லாதவர் எண்ணிக்கை 1980-இல் 20 லட்சத்தைத் தாண்டி, 1982 ஜனவரியில் 30 லட்சத்தைத் தாண்டியது. வேலை போன இடத்துக்கு நேஷனல் ஃப்ரன்ட் என்ற இனவெறிக் கட்சி வந்தது. "உன் வேலையைப் பறித்தவன் இவன்தான்" என்று பக்கத்து வீட்டுக் கறுப்பரையும் ஆசியரையும் காட்டியது.

அந்த ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த ஏழு பேர் குழு ஒன்று ஜமைக்காவின் ஸ்கா தாளத்தையும் பங்க் இசையின் கோபத்தையும் சேர்த்தது. குழுவின் கீபோர்ட் கலைஞர் ஜெர்ரி டாமர்ஸ் 1979-இல் 'டூ டோன்' என்ற வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அதன் சின்னம். மேடைக்குக் கீழே இனவெறியர்கள் நாஜி வணக்கம் போட்டபோது, ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவர்களை எதிர்கொண்ட குழு அது.

இவர்களும் கடன் வாங்கியவர்கள்தான். ஆனால் கடன் வாங்கிய விதத்தைப் பாருங்கள். 1967-இல் டேண்டி லிவிங்ஸ்டன் பாடிய 'ரூடி' பாட்டை 1979-இல் இவர்கள் மறுபடி பாடினார்கள். மூலப் பாட்டில் டிராம்போன் வாசித்தவர் ரிகோ ரோட்ரிகஸ், கிங்ஸ்டன் நகரின் ஏழைச் சிறுவர் பள்ளியில் இசை கற்றவர். இவர்கள் அவரையே தேடிப் பிடித்துப் புதிய பதிவிலும் வாசிக்க வைத்தார்கள், கூடவே மேடையில் நிறுத்தினார்கள். கோமிஸ்கி பார்க்கின் கூட்டத்துக்கும் கோவென்ட்ரியின் இந்த ஏழு பேருக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான்: தாளத்தைத் தந்தவரை மறைப்பதா, மேடையேற்றுவதா?

1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டனில் காவல்துறையின் கெடுபிடிக்கு எதிராகக் கறுப்பின இளைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதம் கோவென்ட்ரியின் நகர மையத்தில் சத்னாம் சிங் கில் என்ற 20 வயது மாணவர் இனவெறிக் கும்பலால் கொல்லப்பட்டார். ஜூன் மாதம் ஸ்பெஷல்ஸ் தங்கள் ஊரிலேயே இனவெறிக்கு எதிரான கச்சேரி நடத்தினார்கள். அதே ஜூனில் 'கோஸ்ட் டவுன்' வெளிவந்தது. மூடிக் கிடக்கும் ஊரைப் பற்றிய பாட்டு. ஜூலையில் லிவர்பூல், மான்செஸ்டர் என்று நகரம் நகரமாகத் தெருக்கள் எரிந்துகொண்டிருக்க, இந்தப் பாட்டு நாட்டில் முதலிடத்தில் மூன்று வாரம் இருந்தது.

ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ரிகோவின் டிராம்போன் ஒப்பாரி வைக்கிறது, அடித்தாளமோ ஆடச் சொல்கிறது. துக்கமும் ஆட்டமும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. சாவு வீட்டுக்கு முன்னால் பறை அதிர, அழுதுகொண்டே ஆடிய சனத்தின் பிள்ளைகளுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. எண்பதுகளின் நல்ல பாட்டுகள் பழசாகாததற்கு என் பதில் இதுதான். வேலை பறிபோன, மதிப்புப் பறிபோன ஒரு தலைமுறை, தன் துக்கத்தை ஆடக்கூடியதாக ஆக்கிக்கொண்டது. அந்தத் துக்கத்தின் காரணங்கள் இன்னும் தீரவில்லை. பட்டம் வாங்கி வேலைக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு அந்தப் பாட்டு இன்றைய பாட்டாகக் கேட்பதில் வியப்பில்லை.

குருவைக் கேட்காத கருவி

இன்னொரு காரணமும் உண்டு. அது இசைக்கருவி.

இசை கற்க ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், வீட்டில் இடம் வேண்டும். எழுபதுகளின் கடைசியில் மலிவான சிந்தசைசர்களும் தாள எந்திரங்களும் வந்தபோது இந்த நிபந்தனைகள் தளர்ந்தன. எஃகு ஆலைகளின் ஊரான ஷெஃபீல்டிலிருந்து வந்த ஹியூமன் லீக் குழுவின் பாடகர் ஃபிலிப் ஓக்கி, அதற்கு முன் மருத்துவமனையில் சுமை தள்ளும் ஊழியராக இருந்தவர். இரண்டு பாடகியரும் பள்ளி மாணவிகள், அவர் அவர்களைக் கண்டது ஓர் இரவு விடுதியின் ஆட்டத்தளத்தில். 1981 கிறிஸ்துமஸுக்கு அவர்களுடைய பாட்டுதான் பிரிட்டனில் முதலிடம்.

ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர்-808 தாள எந்திரம் 1980-இல் வந்தது. உண்மையான டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். ஏறத்தாழ 12,000 எந்திரங்களோடு 1983-இல் உற்பத்தி நின்றது. பழைய சாமான் கடைகளில் அது மலிவாகக் கிடைத்தபோது, அமெரிக்க நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். கோவென்ட்ரி போலவே கார் ஆலைகளின் ஊரான டெட்ராயிட்டில் ஹுவான் அட்கின்ஸும் நண்பர்களும் எந்திர ஒலியிலிருந்து டெக்னோவை உருவாக்கினார்கள். இன்றைய ஹிப்ஹாப் முழுக்க அந்த 808-இன் அடி கேட்கிறது. "சரியான ஒலி இல்லை" என்று ஒதுக்கப்பட்டது, ஒதுக்கப்பட்டவர்கள் கையில் போய் நாற்பது ஆண்டுகளின் ஒலியாகிவிட்டது.

பாட்டு என்ன செய்யும், என்ன செய்யாது

பாட்டு ஆட்சியைக் கவிழ்க்காது. 'கோஸ்ட் டவுன்' முதலிடம் பிடித்த நாட்டில்தான் மார்கரெட் தாட்சர் 1983-இலும் 1987-இலும் மறுபடி வென்றார். பாட்டு தன்னைக் கேட்பவரைத் திருத்திவிடும் என்பதும் இல்லை. ஈட்டன் என்ற மேட்டுக்குடிப் பள்ளியைச் சாடி தி ஜாம் குழு 1979-இல் பாடிய பாட்டு தனக்கு மிகவும் பிடிக்கும் என்று பிற்காலத்தில் சொன்னவர் டேவிட் கேமரன். அவர் படித்ததே அந்த ஈட்டனில்தான். எழுதிய பால் வெல்லர் எரிச்சலடைந்து, பாட்டில் எந்தப் பகுதி புரியவில்லை என்று கேட்டார். ஆள்பவர்களுக்கும் காது இருக்கிறது. நம் பாட்டை அவர்கள் ரசிப்பார்கள், ரசித்துக்கொண்டே நம் உதவித்தொகையை வெட்டுவார்கள்.

ஆனால் பாட்டு ஆட்களைச் சேர்த்துவைக்கும். 1984-இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நசுக்க அரசு முழு பலத்தோடு இறங்கியது. தெற்கு வேல்ஸின் சுரங்கக் கிராமங்களுக்காக லண்டனின் தன்பாலீர்ப்பாளர்கள் குழுவாகத் திரண்டு பணம் வசூலித்தார்கள். 1984 டிசம்பர் 10 அன்று கேம்டனில் ஒரு நிதிதிரட்டும் கச்சேரி நடந்தது. தங்களைத் திட்டும் இழிசொல்லையே எடுத்து அந்தக் கச்சேரிக்குப் பெயராக வைத்தார்கள். மேடையில் பிரான்ஸ்கி பீட் குழு. வீட்டைவிட்டு விரட்டப்படும் ஒரு சிற்றூர்ப் பையனைப் பற்றி அந்த ஆண்டு பாடி வென்றவர்கள். தன்பாலீர்ப்பு ஆண்கள் உறவுகொள்ளச் சட்டம் அனுமதிக்கும் வயது எந்த நாட்டில் எவ்வளவு என்ற பட்டியலைத் தங்கள் ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டவர்கள்.

வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1985 ஜூனில் லண்டனில் நடந்த தன்பாலீர்ப்பாளர் பேரணியின் முன்வரிசையில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கக் கொடியோடு நடந்தார்கள். அந்த ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான தீர்மானம் நிறைவேற சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவு துணைநின்றது. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு கூட்டங்களை ஒன்றுசேர்த்தது உண்டியல் குலுக்கிய கைகள். அந்தக் கைகளுக்கு ஒரு இரவு மேடை கொடுத்தது பாட்டு. பாட்டின் வேலை அந்த அளவுதான், அது சின்ன வேலையில்லை.

நம் வீட்டுப் பெண்ணின் கையில்

தமிழருக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 1982-இல் தி கிளாஷ் குழு 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்ற பாட்டை வெளியிட்டது. எந்த நாடும் ஏற்காமல் தள்ளிவிடப்படும் குடியேறிகளைப் பற்றிய பாட்டு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1986-இல், இலங்கைப் போரிலிருந்து தப்பி ஒரு தமிழ்த் தாய் பிள்ளைகளோடு அகதியாக லண்டன் வந்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த எம்.ஐ.ஏ.

2007-இல் அவர் தன் தாயின் பெயரான 'கலா'வையே ஆல்பத்துக்குத் தலைப்பாக வைத்தார். அதில் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு அடியில் ஓடுவது அந்த கிளாஷ் பாட்டின் இசைதான். குடியேறியைக் கண்டால் பயப்படுகிறவர்களை அதே பயத்தை வைத்துக் கேலி செய்தார். 2008-இல் அது அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம் வரை போனது. பாடல் ஆசிரியர் பட்டியலில் கிளாஷ் உறுப்பினர்களின் பெயர்கள் இருக்கின்றன. யாரைப் பற்றி அன்று பாடினார்களோ, அவர்களில் ஒருத்தி அந்தப் பாட்டை எடுத்துத் தன் குரலில் பேசினாள், எடுத்ததற்குக் கணக்கும் சொன்னாள்.

ஆகவே விடுதியில் யாராவது அந்தப் புன்னகையோடு உங்களிடம் குழுப் பெயர்களைக் கேட்டால் குறுகிப்போகாதீர்கள். இது வேலையில்லாதவர்கள், மருத்துவமனை ஊழியர்கள், குடியேறிகளின் பிள்ளைகள், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் ஆகியோரின் இசை. பெயர் தெரியாதது குற்றமில்லை. பெயர் தெரிந்தும் பின்னால் வாசித்தவர் யார் என்று கேட்காததுதான் குறை. பிடித்தால் கேளுங்கள், ஆடுங்கள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

கூடவே நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். நம் கூட்டங்களுக்குப் பறையிசைக் கலைஞர்களை அழைக்கிறோம். அவர்கள் அடிக்கும் அடியில்தான் கூட்டமே சேர்கிறது. ஆனால் நோட்டீஸில் பேச்சாளர்களின் பெயர்கள் பட்டத்தோடும் பதவியோடும் வரிசையாக நிற்க, அடித்தவர்கள் "கலைக்குழுவினர்" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறார்கள். போக்குவரத்துச் செலவுக்குக்கூடச் சில சமயம் கூட்டம் முடியும்வரை காத்திருக்கிறார்கள். அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு எழுதிப் போடுங்கள் தோழர்களே. பணத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.